ஹெபடைட்டிஸ் பி வைரஸில் ஓர் எழுத்து மாறினால் ஈரலுக்கு என்ன ஆகும்?

கொழும்பில் ஒருவருக்குத் தன் உடம்பில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது பெரும்பாலும் நோய் வந்து தெரிவதில்லை. கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்திருப்பார், கொஞ்ச நாளில் 'வந்து சந்திக்கவும்' என்று அழைப்பு வரும். இல்லையென்றால் கட்டார், டுபாய் வேலைக்கு மெடிக்கல் எடுத்திருப்பார், 'அன்ஃபிட்' என்று வந்திருக்கும். செங்கமாரியும் இல்லை, வயிற்று வலியும் இல்லை, ஆள் நல்ல சுகமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார்.

அப்புறம் போனை எடுத்துத் தேடத் தொடங்குவார். மூன்றாவது நிமிடத்தில் 'விகாரமடைந்த வைரஸ்', 'ஈரல் புற்றுநோய்' என்ற இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும், அன்றிரவு தூக்கம் போய்விடும். இந்தத் தொடர்பு உண்மைதான், பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டதுதான். சிக்கல் என்னவென்றால், பயப்படத் தேவையில்லாத இடத்தில் பலர் பயப்படுகிறார்கள், கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'இ அன்டிஜன் இல்லை' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு, வைரஸ் அடங்கிவிட்டது என்று கிளினிக் போவதையே விட்டுவிடுகிறவர்கள் இந்த இரண்டாவது வகை. அந்த வரிக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து மாற்றம் ஒளிந்திருக்கலாம்.

இரண்டு விகாரங்கள், இரண்டு கதைகள்

விகாரம் என்பது மரபுச் செய்தியில் எழுத்து மாறுவது. இங்கே உயர்தர உயிரியலில் விகாரம் என்றுதான் படிப்பிக்கிறார்கள், இந்தியப் புத்தகங்களில் சடுதிமாற்றம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. ஓர் எழுத்து வேறாக மாறலாம், சில எழுத்துகள் விடுபட்டுப் போகலாம், வேறெங்கோ இருந்து ஒரு துண்டு வந்து நடுவில் செருகிக்கொள்ளலாம். எல்லாமே விகாரம்தான்.

செய்திகளைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்:

1. வைரஸின் டிஎன்ஏயில் நடக்கிற விகாரம்.
2. நம் ஈரல் கலத்தின் டிஎன்ஏயில் நடக்கிற விகாரம்.

புற்றுநோய் என்பது எப்போதுமே இரண்டாவது கதை. வைரஸ் எத்தனை தரம் உருமாறினாலும் வைரஸுக்குப் புற்றுநோய் வரப்போவதில்லை, கலத்துக்குத்தான் வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, முதலாவது விகாரம் இரண்டாவது விகாரத்தை எப்படித் தூண்டிவிடுகிறது என்பதுதான். இந்தப் பிரிவினை இல்லாமல் 'விகாரம் புற்றுநோயை உண்டாக்கும்' என்று மொட்டையாக எழுதுவதால்தான் பாதிக் குழப்பமே.

எழுத்துப் பிழை பார்க்காத அச்சுக்கூடம்

மனித டிஎன்ஏ ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்து நீளம். இந்த வைரஸினுடையது வெறும் 3,200 எழுத்து, அதுவும் வட்டமாகச் சுருண்டது. இவ்வளவு சிறிய இடத்தில் நான்கு பரம்பரையலகுகளை அடைத்து வைத்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, அதாவது ஒரே எழுத்து இரண்டு வெவ்வேறு சொற்களில் பங்கெடுக்கும். அந்த எழுத்து மாறினால் இரண்டு புரதங்கள் ஒரே நேரத்தில் மாறலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது டிஎன்ஏ வைரஸ்தான், ஆனால் பெருகும்போது ஒரு சுற்று வழியில் போகிறது: டிஎன்ஏயிலிருந்து ஆர்என்ஏ பிரதி எடுத்து, அந்த ஆர்என்ஏயைப் பார்த்து மறுபடி டிஎன்ஏ எழுதுகிறது. அப்படித் திருப்பி எழுதும் நொதியத்துக்கு எழுத்துப் பிழை சரிபார்க்கும் வசதி கிடையாது. நம் கலங்களில் அந்த வசதி இருக்கிறது, இங்கே இல்லை. வைரஸ் வேகமாகப் பெருகும் ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு 100 பில்லியனுக்கும் மேல் புதிய வைரஸ்கள் உருவாகக்கூடும். ஆகவே 'எனக்கு விகாரமான வைரஸ் இருக்கிறதா?' என்ற கேள்விக்குப் பதில், நாட்பட்ட தொற்று உள்ள யாராக இருந்தாலும் 'ஆம்' என்பதுதான். ஒருவருக்குள் இருப்பது ஒரே அச்சான வைரஸ் அல்ல, சொந்தக்காரர்கள் போல ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட ஒரு கூட்டம். அதில் எந்த வகை கை ஓங்குகிறது என்பதுதான் விஷயம்.

குழந்தையாக இருக்கும்போது தாயிடமிருந்து தொற்றியவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு அது நாட்பட்டதாக நிலைக்கிறது, வளர்ந்தவருக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே நிலைக்கிறது. அதனால் 40 வயதில் கண்டுபிடிக்கப்படும் பலருக்கு வைரஸும் 40 வயதுதான். இத்தனை வருடமாக உடம்பின் நோயெதிர்ப்பு அதைத் தேடித்தேடி அடித்திருக்கும், அந்த அடிக்குத் தப்பிய எழுத்து மாற்றங்கள்தான் மிஞ்சியிருக்கும்.

1896ஆவது எழுத்து

இதைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த வைரஸ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மாறுகிறது என்பது இங்கேதான் தெரியும்.

வைரஸ் இரத்தத்தில் கொட்டுகிற புரதங்களில் ஒன்று இ அன்டிஜன். வைரஸ் பெருக இது தேவையே இல்லை, ஆனால் நோயெதிர்ப்பைத் தாலாட்டித் தூங்க வைக்க உதவுகிறது என்று கருதப்படுகிறது. இ அன்டிஜன் இருந்தால் வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது என்று அர்த்தம், அது மறைந்து அதற்கு எதிரான பிறபொருளெதிரி வந்தால் வைரஸ் அடங்குகிறது என்று அர்த்தம், பொதுவாக.

அந்தப் 'பொதுவாக' என்பதில்தான் ஓட்டை. இ அன்டிஜனுக்கான செய்தியில் 28ஆவது சொல் டிஜிஜி. அதன் நடு எழுத்து, அதாவது 1896ஆவது எழுத்து, ஜியிலிருந்து ஏயாக மாறினால் சொல் டிஏஜி ஆகிவிடும். மரபு மொழியில் டிஏஜி என்றால் முற்றுப்புள்ளி. புரதம் அங்கேயே அறுந்துவிடும், இ அன்டிஜன் உருவாகாது. ஆனால் அதற்கு 5 எழுத்து தள்ளி 1901இல் வைரஸின் உள்ளோடு செய்வதற்கான தனித் தொடக்கம் ஒன்று இருக்கிறது, அது தொடப்படவில்லை. ஆகவே வைரஸ் வழக்கம்போல ஓடு செய்து, உள்ளே சரக்கை ஏற்றி, வெளியே போய்க்கொண்டே இருக்கும். கடைக்கு வெளியே இருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டார்கள், உள்ளே வியாபாரம் நடக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த இடத்தில் ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து ஒரு கொண்டையூசி வடிவம் எடுக்கிறது, அதில் 1896ஆவது எழுத்து 1858ஆவதோடு கைகோத்து நிற்க வேண்டும். 1858இல் டி இருக்கிற வைரஸ் வகைகளில் இந்த மாற்றம் பிடியை இன்னும் இறுக்குகிறது, அதனால் எளிதாக வருகிறது. 1858இல் சி இருந்தால் பிடி விட்டுப்போகும், அதனால் வைரஸ் அந்த மாற்றத்தைச் சகிக்காது. வைரஸின் மரபு வகைகளுக்கும் ஏ, பி, சி, டி (A, B, C, D) என்றுதான் பெயர், டிஎன்ஏ எழுத்துகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் அதிகம் காணப்படும் டி (D) வகையில் இந்த விகாரம் சாதாரணமாக வருவதும், அதே இந்தியாவில் உள்ள ஏ (A) வகையில் அபூர்வமாக இருப்பதும் இதனால்தான்.

இப்போது எதிர்பாராத பகுதி. இவ்வளவு பேர் போன இந்த 1896 விகாரம் தனியாக ஈரல் புற்றுநோயோடு உறுதியான தொடர்பு காட்டவில்லை. தாய்வானில் ஆயிரக்கணக்கானோரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வில் இந்த விகாரம் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. அதன் உண்மையான தொல்லை வேறு: அது ரிப்போர்ட்டை வாசிக்கிறவரை ஏமாற்றுகிறது.

புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படுபவை

1. 1762, 1764 இரட்டை மாற்றம். இந்த இடம் ஒரு சுவிட்ச் மாதிரி, இ அன்டிஜனுக்கும் உள்ளோட்டுக்கும் எவ்வளவு ஆர்என்ஏ எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. 1762இல் ஏ டியாகவும், 1764இல் ஜி ஏயாகவும் சேர்ந்து மாறும்போது இ அன்டிஜன் உற்பத்தி குறைகிறது, வைரஸ் பெருக்கம் குறைவதில்லை. முன்னால் சொன்ன ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற கதை இங்கே வருகிறது: இதே எழுத்துகள் எக்ஸ் புரதத்தின் வால் பகுதியிலும் பங்கெடுப்பதால் அதன் 130ஆவது, 131ஆவது அமினோ அமிலங்களும் மாறிவிடுகின்றன. எக்ஸ் புரதம் என்பது ஈரல் கலத்தின் கட்டுப்பாடுகளில் கை வைக்கிற ஒன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வந்த பகுப்பாய்வில் இந்த இரட்டை மாற்றம் உள்ளவர்களிடம் புற்றுநோய் 3, 4 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போன சீனாவின் சிடொங் பகுதியில், சேமித்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலரிடம் இது இருந்தது தெரியவந்தது.

2. முன்-எஸ் பகுதியில் துண்டு விடுபடுதல். எஸ் என்பது வைரஸின் மேலங்கி. அதன் முன்பகுதியில் எழுத்துகள் விடுபட்டால் அங்கிப் புரதம் குறையாகத் தயாராகி, கலத்தை விட்டு வெளியே போக முடியாமல் உள்ளேயே குவிகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தக் கலங்கள் தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும், நோயியலாளர்கள் அந்தப் பெயரிலேயே அவற்றை அழைக்கிறார்கள். குவிந்த புரதம் கலத்தை ஓயாத நெருக்கடியில் வைக்கிறது, அந்த நெருக்கடி கலத்தின் சொந்த டிஎன்ஏக்குச் சேதம் விளைவிக்கிறது. தொகுப்பாய்வில் இதற்கும் ஏறத்தாழ அதே மடங்கு ஆபத்துத்தான் வந்தது.

3. 1653, 1753 மாற்றங்கள். எக்ஸ் பகுதியில் வருபவை, பெரும்பாலும் முதலாவதோடு கூட்டாக வருபவை, தனியாக வந்தால் தொடர்பு கொஞ்சம் பலவீனம்.

கலத்தின் புத்தகத்தில் ஒட்டிய தாள்

எழுத்து மாறுவதைவிட எனக்குக் கனமாகப் படுவது இதுதான். வைரஸின் டிஎன்ஏத் துண்டுகள் சில வேளைகளில் நம் ஈரல் கலத்தின் டிஎன்ஏக்குள்ளேயே செருகிக்கொள்கின்றன. வைரஸுக்கு இதில் இலாபம் எதுவுமில்லை, விபத்து மாதிரி நடப்பது. ஹெபடைட்டிஸ் பி காரணமாக வந்த ஈரல் புற்றுக்கட்டிகளில் 80 முதல் 90 சதவீதத்தில் இப்படிச் செருகிய துண்டுகள் காணப்படுகின்றன.

எங்கே செருகுகிறது என்பது ஏறத்தாழ அதிர்ஷ்டம்தான். ஆனால் கட்டிகளில் சில இடங்கள் திரும்பத் திரும்ப அகப்படுகின்றன, அதில் முதலிடம் டெர்ட் என்ற பரம்பரையலகுக்குப் பக்கத்தில். சாதாரணமாக ஒரு கலம் பிரியப் பிரிய அதன் நிறமூர்த்தங்களின் நுனிகள் தேய்ந்து, ஒரு கட்டத்தில் பிரிவது நிற்க வேண்டும். அந்த நுனிகளை மறுபடி வளர்த்துவிடும் நொதியத்தைச் செய்வது டெர்ட், வளர்ந்தவரின் ஈரலில் அது அணைந்திருக்கும். வைரஸ் துண்டு பக்கத்தில் வந்து குந்தினால் அது எரியத் தொடங்கும், பிரிவதை நிறுத்தத் தெரியாத கலம் ஒன்று உருவாகும். ஈரல் சுருங்கிக் கரணை கட்டாமலேயே (சிரோசிஸ் வராமலேயே), நேரடியாகப் புற்றுநோய் வருகிற ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

காரணமா, அடையாளமா?

சரி, 1762 விகாரம் உள்ளவருக்குப் புற்றுநோய் 3, 4 மடங்கு என்றால், விகாரம்தான் புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா? முழுதாகச் சொல்ல முடியாது. தொற்று பழசாகப் பழசாக விகாரங்கள் சேர்கின்றன, தொற்று பழசாகப் பழசாக ஈரலும் தழும்பேறுகிறது. நரைமுடி உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதற்காக நரைமுடி இதயத்தைத் தாக்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்த இரத்தத்தில் இருப்பதாலும், பரிசோதனைக்கூடத்தில் கலங்களின் நடத்தை மாறுவதாலும், வெறும் நரைமுடி என்று தள்ளிவிடவும் முடியாது. பாதி காரணம், பாதி அடையாளம் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனா, தாய்வான், கொரியா, ஜப்பான் பக்கத்தவை. அங்கே பரவியிருப்பது பி, சி வகைகள், அதிலும் சி வகைக்குப் புற்றுநோய் ஆபத்து கூட. அந்த மடங்குக் கணக்கை அப்படியே தூக்கி வெள்ளவத்தையில் வைத்தால் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

விகாரத்தைவிட வலுவாக ஆபத்தைக் காட்டுவது வைரஸின் அளவு. தாய்வானில் 3,653 பேரைச் சராசரியாக 11 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ கண்டறிய முடியாத அளவு இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது, ஒரு மில்லிலீட்டரில் 10 இலட்சம் பிரதிகளோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கு வந்தது.

எண்ணெயும் கச்சானும்

2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்று இங்கே பெரிய கலவரமே நடந்தது நினைவிருக்கும். இதுவும் விகாரக் கதைதான், ஆனால் இரண்டாவது வகை. பூஞ்சணம் பிடித்த கொப்பரா, கச்சான், மிளகாய், சோளம் இவற்றில் உருவாகும் இந்த நஞ்சு வைரஸைத் தொடுவதில்லை. நம் ஈரல் கலத்தில் பி53 என்ற காவல்காரப் பரம்பரையலகின் 249ஆவது சொல்லை மாற்றுகிறது, கட்டியில் அந்த மாற்றத்தைப் பார்த்தாலே அஃப்ளடொக்சின் வந்து போயிருக்கிறது என்று ஊகிக்கிற அளவுக்கு அது ஒரு கைரேகை. ஷங்காயில் நடந்த பழைய ஆய்வில் அஃப்ளடொக்சின் மட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு, வைரஸ் மட்டும் உள்ளவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு. கூட்டல் இல்லை, பெருக்கலையும் தாண்டியது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் காலிமுகத்திடலில் வாங்கின கச்சான் கசந்தால் துப்பிவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

இலங்கையில் ஈரல் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹெபடைட்டிஸ் பியே இல்லை, கொழுப்பு ஈரலும் சீனி வருத்தமும் மதுவும்தான் இங்கே பெரிய காரணங்கள். அதனால் பி இருக்கிறவருக்குப் பயம் குறைய வேண்டும் என்றில்லை, தொந்தியும் கூட இருந்தால் ஆபத்து சேரும்.

விகாரம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை வழக்கமான சிகிச்சையில் எடுக்கப்படுவதில்லை, காசு கட்டித் தேடிப் போக வேண்டியதும் இல்லை. வைத்தியரின் முன்னால் இருக்க வேண்டியவை இவை:

1. எஸ் அன்டிஜன். 6 மாதத்துக்கு மேல் இருந்தால் நாட்பட்ட தொற்று.
2. வைரஸ் டிஎன்ஏ அளவு. இ அன்டிஜன் இல்லை என்று வந்திருந்தால் இது இன்னும் அவசியம். 1896, 1762 விகாரங்கள் போடுகிற வேஷத்தைக் கலைப்பது இந்த ஒரு எண்தான்.
3. எஸ்ஜிபிடி, ஈரல் கலங்கள் சேதமாகும்போது இரத்தத்தில் கூடுகிற நொதியம், ரிப்போர்ட்டில் சில இடங்களில் ஏஎல்டி என்று இருக்கும். ஒரு தரம் சரியாக வந்தது போதாது, இ அன்டிஜன் இல்லாதவர்களில் இது ஏறி இறங்கி விளையாடும், இறங்கின நாளில் இரத்தம் கொடுத்திருந்தால் எல்லாம் நலம் போலத் தெரியும்.
4. ஈரலில் தழும்பு எவ்வளவு என்ற மதிப்பீடு.
5. ஆபத்து கூடியவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு தரம் வயிற்று ஸ்கேன். ஆபத்து கூடியவர்கள் யார்: கரணை ஈரல் உள்ளவர்கள், குடும்பத்தில் ஈரல் புற்றுநோய் இருந்தவர்கள், ஆசியரில் 40 கடந்த ஆண்கள், 50 கடந்த பெண்கள்.

டிஎன்ஏ அளவு ஒரு மில்லிலீட்டரில் 2,000 அலகுக்கு (IU) மேல் இருந்து ஏஎல்டியும் கூடியிருந்தால் மருந்து தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. முன்பு 'இன்னும் தேவையில்லை, பார்ப்போம்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி ஒரு தரம் போய்க் கேட்கலாம்.

மாத்திரையும் தடுப்பூசியும்

மருந்துக்கும் வைரஸ் எழுத்து மாற்றித் தப்பும். லாமிவுடின் என்ற பழைய மாத்திரையை 5 ஆண்டுகள் எடுத்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கு எதிர்ப்புள்ள வைரஸ் வந்தது. இப்போது தரப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டிலும் அது மிக அபூர்வம். இவை வைரஸை அடக்கும், வேரோடு பிடுங்காது, ஏனென்றால் கலத்தின் கருவுக்குள் வைரஸ் ஒளித்து வைத்திருக்கும் மூலப் பிரதியை இவற்றால் தொட முடியாது. புற்றுநோய் ஆபத்து கணிசமாகக் குறையும், பூச்சியம் ஆகாது, அதனால் மாத்திரை குடிக்கிறோம் என்று ஸ்கேனை நிறுத்த முடியாது. சுகமாக இருக்கிறதே என்று மாத்திரையைச் சொந்தமாக நிறுத்துவது அதைவிட மோசம், அடங்கியிருந்த வைரஸ் திரும்பப் பொங்கி ஈரலே செயலிழந்து போனவர்கள் உண்டு.

தடுப்பூசியை ஏமாற்றும் விகாரமும் இருக்கிறது, மேலங்கிப் புரதத்தின் 145ஆவது இடத்தில். 1990இல் இத்தாலியில் தடுப்பூசி போட்ட ஒரு குழந்தையில் அதைக் கண்டபோது எல்லாம் வீண் என்று பயந்தார்கள், ஆனால் இத்தனை வருடத்தில் அது பரவலாகவில்லை. 1984இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊசி தொடங்கி, 1986இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கிய தாய்வானில் பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. வைரஸ் உள்ளே வராவிட்டால் எழுத்து மாற அங்கே எதுவும் இல்லை.

இலங்கையில் 2003இல்தான் ஹெபடைட்டிஸ் பி ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து-கூட்டு ஊசிக்குள்ளேயே அது இருக்கிறது. அதற்கு முன் பிறந்த பெரும்பாலானோர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு எஸ் அன்டிஜன் இருக்கிறது என்று வந்தால், ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று யோசிப்பதைவிட (தாராளமாகச் சாப்பிடலாம், சேவிங் பிளேடையும் டூத் பிரஷையும் மட்டும் பகிராதீர்கள்) கணவன் அல்லது மனைவி, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு தரம் எஸ் அன்டிஜன் பார்த்து, இல்லாதவர்களுக்கு மூன்று ஊசி போட்டுவிடலாம்.